நிழலுக்கும் ஒரு முறை உண்டு



2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவைச் சற்று நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஹிஜ்ரி 1447, ரபீஉல் அவ்வல் மாதம். மீலாது நாள் கழிந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. அன்றிரவு 10 மணிக்குச் சற்று முன்னர் முழு நிலவின் ஓரத்தில் கருமை படரத் தொடங்கியது. 11 மணியளவில் நிலவு முழுவதும் நிழலுக்குள் மூழ்கிச் செம்பு நிறம் கொண்டது. 82 நிமிடங்கள் அந்நிலை நீடித்தது. பின்னர் ஒளி கீற்றாகப் பிறந்து, பின்னிரவு 1.26 மணிக்கு நிலவு பழைய உருவை அடைந்தது.

இந்த நேரங்களையெல்லாம் வானியலார் முன்கூட்டியே நிமிடம் பிசகாமல் சொல்லி வைத்திருந்தனர். நாளிதழ்கள் அச்சிட்டன; நாமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மாடியேறினோம். ஆனால் அதே இரவில், எத்தனையோ இல்லங்களில் கருவுற்ற பெண்கள் கதவடைத்த அறைகளில் அமர்த்தப்பட்டிருந்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். கத்தியைத் தொடாதே, நீர் அருந்தாதே, சன்னல் பக்கம் போகாதே என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. முன்கூட்டியே நிமிடக் கணக்கில் அறியப்பட்ட ஒரு நிகழ்ச்சி, அதே வேளையில் காரணம் தெரியாத ஓர் ஆபத்தாகவும் அஞ்சப்பட்டது. இவ்விரண்டும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்து குடியிருக்கின்றன?

சந்திர கிரகணத்தின் கணக்கைச் சற்று நெருங்கிச் சென்று பார்ப்போம். அக்கணக்கு பிறை பார்த்து மாதம் எண்ணும் நமக்கு மிகவும் பழக்கமான ஓர் அளவுகோலால் ஆனது என்பதைக் காணும்போது நீங்கள் வியப்படைவீர்கள்.

முழுநிலவுதோறும் ஏன் கிரகணம் இல்லை?

சூரிய ஒளி படும் எந்தப் பொருளுக்கும் நிழல் உண்டு. நாம் வாழும் பூமிக்கும் உண்டு. அந்நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், விண்வெளியில் ஒரு நீண்ட கூம்பாக நீண்டு கிடக்கிறது. நிலவு அந்நிழலுக்குள் புகுந்தால் சந்திர கிரகணம். சூரியனுக்கு எதிர்த்திசையில் நிலவு வருவது முழுநிலவு நாளில்தான். ஆகவே சந்திர கிரகணம் என்பது ஹிஜ்ரி மாதத்தின் நடுநாட்களில் மட்டுமே நிகழக் கூடியது. மாதத்தின் 3ஆம் பிறையிலோ 25ஆம் நாளிலோ ஒருபோதும் அது நிகழாது.

அவ்வாறாயின் மாதந்தோறும் கிரகணம் ஏற்பட வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு வளையல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேசைமேல் படுக்க வையுங்கள். மற்றொன்றை அதன்மீது சற்றே சாய்த்துப் பொருத்துங்கள். இரண்டும் எதிரெதிரான இரண்டே இடங்களில்தாம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மற்ற இடங்களில் ஒன்று மேலே இருக்கும். மற்றது கீழே இருக்கும். நிலவின் பாதையும் இப்படித்தான். சூரியனும் பூமியும் அமைந்த தளத்துக்கு அது ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. 5 பாகை சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் நிலவு இருக்கும் தொலைவில் அச்சாய்வு ஏறத்தாழ 34,000 கிலோமீட்டர் உயரத்துக்குச் சமம். அத்தொலைவில் பூமியின் கருநிழலின் குறுக்களவோ சுமார் 9,000 கிலோமீட்டர்தான். எனவே பெரும்பாலான முழுநிலவுகள் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிச் சென்றுவிடுகின்றன.

இரு பாதைகளும் சந்திக்கும் அந்த இரு புள்ளிகளுள் ஒன்றன் அருகே நிலவு இருக்கும்போது முழுநிலவாகவும் அமைந்துவிட்டால் மட்டுமே கிரகணம். அரபு வானியலார் இப்புள்ளிகளை நாகத்தின் தலை, நாகத்தின் வால் என்று அழைத்தார்கள். நம் நாட்டில் ராகு, கேது என்று சொல்லப்படுபவையும் இப்புள்ளிகளே. பாம்பும் இல்லை, விழுங்குதலும் இல்லை. இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

மூன்று பிள்ளைகள் ஊர் திரும்பும் நாள்

இனிக் கிரகணம் திரும்பி வரும் முறையைக் காண்போம்.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் வெளிநாட்டில் சம்பாதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், நடுவர் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், இளையவர் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் விடுமுறையில் ஊர் வருகிறார்கள். இன்று மூவரும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்டால், அடுத்து மூவரும் ஒன்றாக அமர்வது எப்போது? 12 ஆண்டுகள் கழித்து. இந்த விடையைச் சொல்ல உம்மாவுக்குச் சோதிடர் வேண்டியதில்லை; விரல்களே போதும்.

நிலவுக்கும் இத்தகைய மூன்று சுற்றுகள் உள்ளன. முதலாவது, ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவு வரை. இது சராசரியாக 29.53 நாட்கள். நம் ஹிஜ்ரி மாதம் 29 நாட்களாகவோ 30 நாட்களாகவோ அமைவது இதனால்தான். இரண்டாவது, மேலே கண்ட சந்திப்புப் புள்ளிகளுள் ஒன்றிலிருந்து புறப்பட்டு அதே புள்ளிக்கு நிலவு திரும்பும் காலம். இது 27.21 நாட்கள். மூன்றாவது, நிலவு பூமிக்கு மிக அருகே வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வரும் காலம். இது 27.55 நாட்கள்.

இம்மூன்றும் எப்போது ஒன்றுசேரும்? பெருக்கிப் பாருங்கள்:

முதல் சுற்று 223 முறை நிகழ 6585.32 நாட்கள்.

இரண்டாம் சுற்று 242 முறை நிகழ 6585.36 நாட்கள்.

மூன்றாம் சுற்று 239 முறை நிகழ 6585.54 நாட்கள்.

என்ன பொருத்தம் பாருங்கள்! ஒன்றோடொன்று எளிதில் வகுபடாத மூன்று அளவுகள், 6585 நாட்களுக்குப் பின்னர் ஒரு நாளின் சிறு பின்னங்களே வேறுபாடாக ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. அன்று மீண்டும் முழுநிலவு. மீண்டும் அதே சந்திப்புப் புள்ளி. நிலவின் தொலைவும் ஏறக்குறைய அதேதான். ஆகவே முன்பு கிரகணம் நிகழ்ந்திருந்தால் இப்போதும் நிகழ்ந்தே தீரும். அதுவும் முன்னதைப் போன்றதொரு கிரகணமாக நிகழும். இந்த 6585 நாள் சுழற்சிக்குத்தான் வானியலார் ‘சாரோஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1691ஆம் ஆண்டில் இப்பெயரை இதற்குச் சூட்டியவர் ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி. வால் நட்சத்திரத்தால் நாம் அறிந்த அதே ஹாலிதான். சூரிய கிரகணங்களும் இதே சுழற்சிக்கு உட்பட்டவையே.

நம் நாட்காட்டியில் எளிமை

ஆங்கில நாட்காட்டிப்படி இச்சுழற்சியைச் சொன்னால் 18 ஆண்டுகள், 11 நாட்கள், ஏறத்தாழ 8 மணி நேரம் என்று வரும். இடையே ஐந்து லீப் ஆண்டுகள் குறுக்கிட்டால் 11 நாள் 10 நாளாகும். நினைவில் நிற்காத சிக்கலான கணக்கு.

அதையே ஹிஜ்ரிக் கணக்கில் சொல்லிப் பாருங்கள். 223 பிறை மாதங்கள். 12 மாதம் கொண்ட ஆண்டுகளாக வகுத்தால் 18 ஆண்டுகள், 7 மாதங்கள். நாளும் இல்லை, மணியும் இல்லை, மீதமும் இல்லை. நிலவைக் கொண்டு மாதத்தை அளப்பவருக்கு நிலவின் கணக்கு முழு எண்ணாகவே கிடைத்துவிடுகிறது.

2025 செப்டம்பரில் நாம் கண்ட கிரகணத்தின் குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்திய நேரப்படி அதன் நடுவேளைகளைப் பாருங்கள்:

ஹிஜ்ரி 1391 ஜமாதுல் ஆகிர்: 1971 ஆகஸ்ட் 6 கழிந்த நள்ளிரவு 1.13 மணி.

ஹிஜ்ரி 1410 முஹர்ரம்: 1989 ஆகஸ்ட் 17 காலை 8.38 மணி.

ஹிஜ்ரி 1428 ஷஅபான்: 2007 ஆகஸ்ட் 28 மாலை 4.07 மணி.

ஹிஜ்ரி 1447 ரபீஉல் அவ்வல்: 2025 செப்டம்பர் 7 இரவு 11.42 மணி.

ஹிஜ்ரி 1465 ஷவ்வால்: 2043 செப்டம்பர் 19 காலை 7.21 மணி.

ஒவ்வொரு வரியிலும் ஹிஜ்ரிக் கணக்கில் 18 ஆண்டு 7 மாதத்தைக் கூட்டுங்கள். அடுத்த வரி தானே கிடைக்கும். ஷஅபான் 8ஆம் மாதம். அதனுடன் 7 மாதம் சேர்ந்தால் அடுத்த ஆண்டின் 3ஆம் மாதமான ரபீஉல் அவ்வல். பள்ளிக்குச் செல்லும் உங்கள் மகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவாள்.

இன்னொன்றையும் இப்பட்டியலில் கவனித்திருப்பீர்கள். நள்ளிரவு, காலை, மாலை, இரவு என்று நேரம் நகர்ந்துகொண்டே போகிறது. 6585 நாட்களுக்கு மேல் மிச்சமிருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு நாளே இதற்குக் காரணம். அந்த மிச்ச நேரத்தில் பூமி தன்னைத் தானே மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுகிறது. எனவே அதே குடும்பத்துக் கிரகணம் அடுத்த முறை உலகின் வேறொரு பகுதிக்குக் காட்சியாகிறது. 1989இல் அமெரிக்கக் கண்டங்களின் இரவு அதைக் கண்டது. 2007இல் பசிபிக் பெருங்கடல் தீவுகள் கண்டன. மூன்று முறை கழிந்தால் மூன்று பங்கும் சேர்ந்து ஒரு முழு நாளை நெருங்கிவிடும். கிரகணம் நம் வானத்துக்கே திரும்பிவிடும். 1971இல் நம் இரவில் நிகழ்ந்தது, 54 ஆண்டுகளும் ஒரு மாதமும் கடந்து 2025இல் நம் இரவிலேயே நிகழ்ந்தது இவ்வாறுதான்.

பிறந்து வளர்ந்து மறையும் குடும்பம்

இக்கிரகணக் குடும்பங்கள் என்றென்றும் நிலைத்திருப்பவையா? இல்லை. 6585.32க்கும் 6585.36க்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டைப் பாருங்கள். அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆயினும் ஒவ்வொரு சுழற்சியிலும் அச்சிறு பிசகு சேர்ந்துகொண்டே போகிறது. நிலவு நிழலைக் கடக்கும் இடம் சிறிது சிறிதாக நகர்கிறது.

மேற்சொன்ன குடும்பம் 1304ஆம் ஆண்டில் பிறந்தது. அன்று நிலவு பூமியின் மங்கலான புறநிழலின் விளிம்பைத் தொட்டது, அவ்வளவே. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல நிழலுக்குள் மேலும் ஆழமாகப் புகுந்தது. 1845 மே 21 அன்று இக்குடும்பத்தின் முதல் பூரண கிரகணம் நிகழ்ந்தது. 1953 ஜூலை 26 அன்று முழு மறைப்பு 100 நிமிடங்களை எட்டியது. அதுவே இதன் இளமையின் உச்சி. 1971இல் 99 நிமிடம், 2007இல் 90 நிமிடம், 2025இல் 82 நிமிடம் என்று இப்போது குறைந்துகொண்டு வருகிறது. 2097இல் இதன் கடைசிப் பூரண கிரகணம். பின்னர் பகுதிக் கிரகணங்களாகத் தேய்ந்து, 2566ஆம் ஆண்டில் 71ஆவது கிரகணத்துடன் இக்குடும்பமே முடிவுக்கு வந்துவிடும். 1,262 ஆண்டு வாழ்வு! ஒன்று மறையும்போது மற்றொன்று பிறக்கிறது. இத்தகைய சந்திர கிரகணக் குடும்பங்கள் ஏறத்தாழ 40 ஒரே காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

களிமண் ஏடும் வெண்கலப் பொறியும்

இச்சுழற்சியை முதலில் கண்டறிந்தவர்கள் இன்றைய இராக் நாட்டின் பழங்குடிகளான பாபிலோனியர்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அவர்கள் கிரகணங்களைக் களிமண் ஏடுகளில் தொடர்ந்து குறித்து வைத்தார்கள். தந்தை எழுதியதை மகனும், மகன் எழுதியதைப் பேரனும் தொடர்ந்தார்கள். பல தலைமுறைக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒழுங்கு புலப்பட்டது. கிரகணத்துக்கு வாய்ப்புள்ள முழுநிலவுகள் 6 மாதங்களுக்கு ஒருமுறையோ 5 மாதங்களுக்கு ஒருமுறையோ வருகின்றன. 223 மாதங்களில் அத்தகைய வாய்ப்புகள் 38. அதன்பின் அதே வரிசை மீண்டும் தொடங்குகிறது.

இந்த அறிவு கிரேக்க நாட்டுக்கும் சென்றது. 1901ஆம் ஆண்டில் ஆன்டிகிதீரா என்னும் கிரேக்கத் தீவின் அருகே, கடலில் மூழ்கிய பழங்காலக் கப்பலிலிருந்து அரித்துப் போன ஒரு வெண்கலப் பொறி கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை வாய்ந்தது. பல்சக்கரங்கள் கோத்த அப்பொறியின் பின்புறத்தில் சுருளாக வளைந்த ஒரு முகப்பு இருந்தது. அதில் 223 கட்டங்கள்! எந்த மாதத்தில் கிரகணம் வரக்கூடும் என்ற குறிப்பு உரிய கட்டங்களில் பொறிக்கப்பட்டிருந்தது. அருகே மூன்றாகப் பிரித்த ஒரு சிறு முகப்பு. ஒரு பிரிவில் ஒன்றும் இல்லை, மற்றதில் 8, அடுத்ததில் 16. ஆம், நாம் மேலே கண்ட அந்த மிச்ச மணி நேரங்களேதாம். இன்று அப்பொறி ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் வாசகர்களே, கணக்கை அறிந்ததாலேயே மனிதனின் அச்சம் அகன்றுவிடவில்லை. மெசபொத்தேமிய நிலத்தில் கிரகணம் அரசனின் மரணத்தை அறிவிக்கும் செய்தியாகக் கருதப்பட்டது. கி.மு. 681 முதல் 669 வரை ஆண்ட அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் காலத்துக் கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. கிரகணத்தால் அரசனுக்கு ஆபத்து என்று குறி சொல்லப்பட்டால், எளிய மனிதன் ஒருவனைப் பிடித்து அரச உடை உடுத்தி அரியணையில் அமர்த்துவார்கள். ஆபத்துக் காலம் என்று அவர்கள் கருதியது கழியும் வரை அவன் பெயரளவில் அரசன். பின்னர் அவனைக் கொன்றுவிடுவார்கள். குறியும் பலித்தது, உண்மை அரசனும் பிழைத்தான் என்று நிறைவடைவார்கள். வானத்து நிழல் எவரையும் கொல்லவில்லை. அந்நிழலுக்கு மனிதர் கற்பித்த பொருளே ஓர் ஏழையைக் கொன்றது.

மதீனாவின் அந்த நாள்

இங்கே நம் வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாராமல் மேலே செல்ல இயலாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார், மாரியா (ரலி) அவர்கள் ஈன்ற இப்ராஹீம், பால்குடிப் பருவத்திலேயே மறைந்தார்கள். அன்று மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்நாளைப் பிற்கால வானியலாளர் கி.பி. 632 ஜனவரி 27 என்று கணித்திருக்கிறார்கள். இறைத்தூதரின் மகனுக்காக வானமே துக்கம் காக்கிறது என்று மக்கள் பேசத் தொடங்கினர். துயரத்தில் இருக்கும் ஒரு தந்தைக்கு இதைவிட ஆறுதலான பேச்சு வேறென்ன இருக்க முடியும்? வாய்மூடி இருந்திருந்தால் போதும், அந்நம்பிக்கை நிலைத்திருக்கும்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகளுள் இரண்டு என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்றும் மக்களுக்கு விளக்கினார்கள். கிரகணத்தைக் கண்டால் தொழவும், இறைவனை நினைவுகூரவும் பணித்தார்கள். சொந்த மகனின் மரணத்துக்கே பொருந்தாத ஒரு தொடர்பு, நம் வீட்டுக் குழந்தையின் உதட்டுக்கு எங்ஙனம் பொருந்தும்?

கிரகண இரவில் விழித்திருந்த அறிஞர்கள்

கிரகணத்தை இறை அத்தாட்சியாகக் கண்ட சமுதாயம் அதை அளக்கவும் செய்தது. ரக்கா நகரில் வாழ்ந்த அல்-பத்தானி (மறைவு 929), 883, 901 ஆகிய ஆண்டுகளின் சந்திர கிரகணங்களைத் தாமே கவனித்துக் குறித்து, பழைய கிரேக்கக் கணக்குகளைத் திருத்த அவற்றைப் பயன்படுத்தினார்.

997 மே 24 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணம் ஓர் அழகிய கூட்டுமுயற்சிக்குக் காரணமாயிற்று. குவாரஸ்மில், காத் நகரில் 23 வயது இளைஞர் அல்-பிரூனி. பல நூறு மைல்களுக்கு அப்பால் பாக்தாதில் முதியவரான அபுல் வஃபா. இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அதே கிரகணத்தைத் தத்தம் ஊரில் கவனித்தார்கள். நிலவு நிழலில் புகுவது உலகத்தார் அனைவருக்கும் ஒரே கணத்தில்தான்; ஆனால் ஊர் நேரம் ஊருக்கு ஊர் வேறு. இருவர் குறிப்புகளையும் ஒப்பிட்டபோது ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு தெரிந்தது. அதைக் கொண்டு அவ்விரு நகரங்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு தள்ளி அமைந்துள்ளன என்று பிரூனி கணக்கிட்டார். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், நிலவையே பொதுக் கடிகாரமாக்கிய அறிவு அது!

கெய்ரோவில் வாழ்ந்த இப்னு யூனுஸ் (மறைவு 1009), தம் காலத்துக் கிரகணங்களோடு தமக்கு முற்பட்ட பாக்தாத் அறிஞர்களின் குறிப்புகளையும் தொகுத்து எழுதி வைத்தார். 829 முதல் 1004 வரையிலான அக்குறிப்புகளை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம் நிலவின் இயக்கத்தை ஆராயப் பயன்படுத்தினார். பாபிலோன், சீனம், அரபு நாடுகள் ஆகியவற்றின் பழங்குறிப்புகளை இன்றைய கணக்குடன் ஒப்பிட்டே, பூமியின் ஒரு நாள் நூறாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லி விநாடி வீதம் நீண்டு வருகிறது என்று அறிந்திருக்கிறார்கள். அஞ்சிக் கதவடைத்தவர்களால் கிடைத்த பயன் அன்று இது. நேரத்தைக் குறித்து வைத்தவர்களால் கிடைத்தது.

அடைக்கப்பட்ட அறையில் ஒரு தாய்

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த அறைக்கு வருவோம். கிரகண நேரத்தில் கருவுற்ற பெண் கத்தியோ கத்தரிக்கோலோ எடுத்தால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்பது நம் மக்களிடையே ஊறிப்போன நம்பிக்கை. இதனால் வரும் கேடு ஒரு சில மணி நேர அடைப்போடு முடிவதில்லை. பிளவுபட்ட உதட்டுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், “கிரகணத்தன்று நீ என்ன செய்தாய்?” என்று மாமியாரும் உறவினரும் அந்தத் தாயையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். பெற்ற வயிறு எரிகிற வேளையில் பழியும் வந்து சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்பழியைச் சுமந்து, தன்னால்தான் ஆயிற்றோ என்று உள்ளுக்குள் அழுகிற தாய்மார்கள் உண்டு.

சகோதரிகளே, மருத்துவம் சொல்வதைக் கேளுங்கள். குழந்தையின் உதடு உருவாவது கருவுற்ற 4 முதல் 7 வாரங்களுக்குள். மேலண்ணம் உருவாவது 6 முதல் 9 வாரங்களுக்குள். ஐந்தாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் இருக்கும் பெண்ணை நீங்கள் அறையில் அடைக்கும்போது, காக்க நினைக்கிற அந்த உதடு உருவாகிப் பல வாரங்கள் கடந்திருக்கும். மரபுக் கூறுகள், தாயின் புகைப்பழக்கம், கருவுறும் முன்பே இருந்த நீரிழிவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை இக்குறைக்கான வாய்ப்பை மிகுவிப்பவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். பல நேரங்களில் இன்னதென்று ஒரே காரணத்தைச் சுட்டவும் முடிவதில்லை. எக்காரணப் பட்டியலிலும் நிலவின் நிழல் இல்லை. பிளந்த உதட்டை அறுவை மருத்துவத்தால் சீராக்க முடியும். வேண்டியது மருத்துவரிடம் காலத்தோடு செல்வதே.

கிரகணக் கணக்கே இதற்கு மற்றுமொரு சான்றும் தருகிறது. கிரகணங்கள் நிகழக்கூடிய பருவம் சராசரியாக 173 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. ஒரு பருவம் ஒரு மாதத்துக்குச் சற்று மிகுதியாக நீடிக்கும். அப்பருவத்தில் உலகின் ஏதேனும் ஒரு பகுதியில் கிரகணம் நிகழாமல் போவதில்லை. கருவின் காலமோ ஒன்பது மாதங்களுக்கும் மேல். ஆகவே முழு மாதம் தங்கிப் பிறந்த எந்தக் குழந்தையும் ஒரு கிரகணப் பருவத்தையாவது தாயின் வயிற்றில் இருந்தபடியே கடந்துதான் வந்திருக்கிறது. நீங்களும் நானும் அவ்வாறே வந்தோம். சந்திர கிரகணம் ஒன்று நிகழும்போது பூமியின் பாதிப் பரப்பு அதை நோக்கியிருக்கிறது. அந்தப் பாதி உலகில் கருவுற்ற பெண்கள் எத்தனை கோடிப் பேர்! அவர்கள் காய் நறுக்குகிறார்கள், துணி தைக்கிறார்கள், மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள்.

எனவே கருவுற்ற பெண் தாகமெடுத்தால் தாராளமாக நீர் அருந்தட்டும். பசித்தால் உண்ணட்டும். உடல் இடம் கொடுத்தால் தொழட்டும். விரும்பினால் முற்றத்தில் அமர்ந்து வெறுங்கண்ணால் நிலவைக் காணட்டும். சந்திர கிரகணத்தைப் பார்ப்பதால் கண்ணுக்கு எத்தீங்கும் இல்லை. சூரிய கிரகணம் மட்டும் வேறு. அதைத் தகுந்த பாதுகாப்புக் கண்ணாடி இன்றி எவருமே பார்க்கலாகாது. அது கருவுற்றவருக்கு மட்டுமான விதியன்று. எல்லோருடைய கண்களுக்கும் உரிய எச்சரிக்கை.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

2028 டிசம்பர் 31 இரவு, இந்திய நேரப்படி 10.22 மணியை நடுவாகக் கொண்டு ஒரு பூரண சந்திர கிரகணம் நிகழவிருக்கிறது. நம் நாடு முழுவதும் அதைக் காணலாம். இது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்கு முந்தைய உறுப்பினர் 2010 டிசம்பர் 21 அன்று, ஹிஜ்ரி 1432 முஹர்ரம் மாதத்தில் நிகழ்ந்தது. 18 ஆண்டும் 7 மாதமும் கூட்டுங்கள்: ஹிஜ்ரி 1450 ஷஅபான். மாதத்தின் நடு இரவு. நம் பிறைக் காட்சியைப் பொறுத்து அது பராஅத் இரவாகவே அமையவும் கூடும். உலகம் ஆங்கிலப் புத்தாண்டுக்குக் காத்திருக்கும் வேளையில், நம் இல்லங்கள் தொழுகையிலும் அந்தச் செந்நிலவின் காட்சியிலும் கழியட்டும்.

2025இல் நாம் கண்ட கிரகணக் குடும்பமோ, 2043ஐயும் 2061ஐயும் பிற நாட்டாருக்குக் காட்டிவிட்டு, ஹிஜ்ரி 1502 துல்ஹஜ் மாதத்தில், 2079 அக்டோபர் 10 இரவில் நம் வானத்துக்குத் திரும்பும். 1971இல் அதைக் கண்ட பாட்டனார்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. 2079இல் அதைக் காணப்போகிறவர்கள் இன்று நம் மடியில் தவழும் பேரப்பிள்ளைகள். நிழல் தன் முறை தவறாமல் வந்துவிடும். அது வரும் இரவில், அன்றைய நம் வீட்டுப் பெண் அடைத்த அறையில் அஞ்சியிருப்பாளா, திறந்த முற்றத்தில் தன் பிள்ளைக்கு அதைச் சுட்டிக் காட்டுவாளா என்பது, இன்று நாம் அவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.